வேண்டுவதும் வகுப்பதும்

தாயகம் விட்டு வந்து வட இந்திய நகரங்களில் குடியேறிய நம் முன்னோர் பலர் சுருக்கெழுத்தர், தட்டெழுத்தர், கணக்கர், அரசாங்க அலுவலர் என்று பணியாற்றினர். ஊரில் உள்ள உறவினர், "தம்பிக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை கூற முடிந்தது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் நொய்டாவிலும் குருகிராமிலும் 'பிசினஸ் அனலிஸ்ட்' என்னும் பதவியில் அமர்ந்திருக்கிறார்கள். வணிகப் பகுப்பாய்வாளர் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். ஆனால் அப்பிள்ளைகளின் தாயாரைக் கேட்டால், "கம்ப்யூட்டரில் ஏதோ வேலை; நாள் முழுவதும் யாருடனோ பேசிக்கொண்டே இருக்கிறான்" என்னும் அளவில்தான் விடை கிடைக்கிறது.

அத்தாய் கூறுவதில் பிழையில்லை. பேசுவதும், பிறரைப் பேச வைப்பதும், பேசியவற்றை எழுதி வரைந்து வைப்பதும் அத்தொழிலின் பெரும்பகுதியாகும். அப்பேச்சினால் விளையும் பயன் யாது என்பதை நம் வாசக அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. அத்தொழிலின் நன்மையும் தீமையும் நம் வாழ்வில் நேரே வந்து படிகின்றன. ஆண்டுதோறும் ஊருக்குப் புறப்படும் நம் போன்றார்க்கு அவை இன்னும் நெருக்கமாகவே படிகின்றன.

இரண்டு சொற்கள்

இத்தொழிலுக்கு உயிர்நிலையாக அமைந்தவை இரண்டு சொற்கள். ஒன்று தேவை, மற்றொன்று வடிவமைப்பு.

வீடு கட்டும் ஒருவர் கொத்தனாரிடம், "தெற்குச் சுவரில் ஒரு சன்னல் வையுங்கள்" என்கிறார். சன்னலே அவருடைய தேவை என்று நமக்குத் தோன்றும். "எதற்காக ஐயா?" என்று கொத்தனார் கேட்டால், "அறையில் புழுக்கம் தாங்கவில்லை" என்று மறுமொழி வருகிறது. ஆகவே, புழுக்கம் நீங்குதலே தேவை. சன்னல் அதற்காக அவர் தம் மனத்தில் முன்னரே வகுத்துக்கொண்ட ஒரு வடிவம். தெற்கே அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நின்றால் அங்கே சன்னல் வைத்தும் பயன் இல்லை. மேற்கூரையில் ஒரு காற்றுப்போக்கி வைத்தால் போதும் என்று ஆகலாம். கேட்டதைக் கேட்டவாறே செய்து கொடுக்கும் கொத்தனார் கூலி பெறுவார். வீட்டுக்காரர் புழுக்கத்திலேயே கிடப்பார்.

மக்கள் தம் தேவையைத் தேவையாகக் கூறுவதில்லை. தாம் அறிந்த தீர்வு ஒன்றின் பெயரால் கூறுகிறார்கள். இது மனித இயல்பு. அத்தீர்வின் உள்ளே மறைந்து கிடக்கும் தேவையைப் பிரித்து எடுத்துக் காட்டுவதே பகுப்பாய்வாளரின் முதற் கடமை.

ஒரு கொள்கை மாறிய வரலாறு

கணிப்பொறித் துறையின் இளமைக் காலத்தில், தேவைகள் அனைத்தையும் முதலில் எழுதி முடித்துவிட வேண்டும், பிறகு வடிவமைக்க வேண்டும், பிறகு கட்ட வேண்டும் என்று படிப்படியாக இறங்கும் முறையே சிறந்தது எனப் பலர் எண்ணினர். அருவி போல ஒரே திசையில் இறங்குவதால் அதற்கு அருவிமுறை என்று பெயர் வந்தது. 1970ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இப்படிகளை ஒரு கட்டுரையில் வரைந்து காட்டினார். வியப்பு என்னவெனில், ஒரே போக்காக இறங்கும் முறை இடர் நிறைந்தது என்று அவர் அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது.

1986ஆம் ஆண்டில் பிரெடரிக் புரூக்ஸ் என்னும் அறிஞர், மென்பொருள் ஆக்கத்தில் யாவற்றினும் கடினமானது எதனைக் கட்டுவது என்று துணிவதேயாகும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். 2003ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் வணிகப் பகுப்பாய்வுக்கென்றே ஒரு பன்னாட்டுக் கழகம் தோன்றியது. அக்கழகம் இத்தொழிலின் நெறிகளைத் தொகுத்து ஒரு கையேடு வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2015ஆம் ஆண்டில் வந்தபோது பழைய எண்ணத்தில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. தேவையை எழுதுதல் பகுப்பாய்வாளர் வேலை, வடிவமைத்தல் பொறியாளர் வேலை என்று நடுவே நின்ற சுவர் தளர்ந்தது. பயன்படுத்தத் தக்க வகையில் தேவையை எடுத்துரைப்பது ஒன்று, பயன்படுத்தத் தக்க வகையில் தீர்வை எடுத்துரைப்பது மற்றொன்று. இரண்டும் பகுப்பாய்வாளரின் பொறுப்பிலேயே அடங்கும் என்று அப்பதிப்பு வகுத்தது.

மேலும், ஒரே செய்தி ஒருவருக்குத் தேவையாகவும் மற்றொருவருக்கு வடிவமைப்பாகவும் அமையலாம் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. நிலையத்தில் வரிசை நீளுகிறது என்று கவலையுறும் இரயில்வே மேலாளருக்கு, இணையத்தில் சீட்டு விற்பது ஒரு தீர்வு. அவர் அதனை முடிவு செய்து கீழே அனுப்பியவுடன், மென்பொருள் எழுதுவோருக்கு அதுவே தேவையாகிவிடுகிறது. ஆதலால் "இது தேவையா, வடிவமா?" என்று வாதிட்டுக் காலம் கழிப்பதைவிட, "யாருக்குத் தேவை? எதற்காக?" என்று மேல்நோக்கிக் கேட்டுச் செல்வதே பயன் தரும்.

இரயில் முன்பதிவு கற்பிக்கும் பாடம்

இக்கொள்கையை நாம் நன்கறிந்த ஓர் ஏற்பாட்டைக் கொண்டு விளங்கிக்கொள்வோம். இரயில் முன்பதிவை அறியாத புலம்பெயர் குடும்பம் உண்டோ?

1980களின் நடுப்பகுதி வரையில் முன்பதிவு முழுவதும் கையெழுத்துப் பேரேடுகளில் நடந்தது. ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி ஏடு. இன்ன வண்டிக்கு இன்ன சாளரம் என்று பிரித்திருந்தமையால், ஒரு வண்டியில் இடம் இல்லையெனில் அடுத்த வண்டிக்கு வேறொரு வரிசையில் போய் நிற்க வேண்டும். தில்லியில் இருப்பவர் சென்னையிலிருந்து திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டினால், இரயில்வே வாயிலாகத் தந்தி அனுப்பி விடைக்குக் காத்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்து திரும்ப இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் கவலையுடனேயே நம்மவர் ஊர்த் திருவிழாவுக்குச் சென்று வந்தனர்.

அந்நாளில் ஒரு பகுப்பாய்வாளர் வந்து, "உங்களுக்கு வேண்டுவது யாது?" என்று கேட்டிருந்தால், வரிசையில் நின்றோர் என்ன கூறியிருப்பர்? "இன்னும் பத்துச் சாளரம் திறவுங்கள்" என்றிருக்கலாம். எழுத்தர்கள், "இன்னும் பத்துப் பேரைப் பணியில் அமர்த்துங்கள்" என்றிருக்கலாம். இவை யாவும் பேரேடு என்னும் பழைய வடிவத்துக்குள் நின்று கேட்கும் கேள்விகள். எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் பெறுதல், ஒரு படுக்கை இருவருக்குப் போகாமை, இடம் உண்டா இல்லையா என்பது அந்தக் கணமே தெரிதல் ஆகியவையே உண்மைத் தேவைகள்.

அப்போது பொதுத்துறையில் இருந்த சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய 'இம்ப்ரெஸ்' என்னும் முறை 1985ஆம் ஆண்டில் புதுதில்லியில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பல வண்டிகளுக்கும் ஒருங்கிணைந்த பயணிகள் முன்பதிவு என்பது அப்பெயரின் விரிவு. பெயரிலேயே தேவை பொதிந்திருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பேரேட்டைக் கணிப்பொறிக்குள் அப்படியே பெயர்த்து வைத்து, வண்டிக்கு ஒரு சாளரம் என்ற பழைய ஏற்பாட்டை நிலைநிறுத்தியிருந்தால், விரைவு சிறிது கூடியிருக்கும், அலைச்சல் குறைந்திராது.

ஆயினும் அம்முறை ஒவ்வொரு பெருநகருக்கும் தனித்தனியே இயங்கியது. தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களையும் 'கான்சர்ட்' என்னும் முறையால் பிணைக்கும் பணி 1999ஆம் ஆண்டில் நிறைவேறியது. இதனைச் செய்தது, 1986ஆம் ஆண்டில் இரயில்வே நிறுவிய 'கிரிஸ்' என்னும் தகவல் நிலையம். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் சீட்டு எடுக்கலாம் என்ற நிலை வந்தபின், தந்தி அடித்துக் காத்திருந்த துன்பம் நம் மக்களை விட்டு நீங்கியது.

சீட்டு என்பது யாது?

2002ஆம் ஆண்டில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தின் வழியே முன்பதிவைத் தொடங்கியது. அன்று வீட்டிலிருந்தே பணம் செலுத்தி இடம் பெற்றவருக்கு, அச்சிட்ட சீட்டு கூரியர் மூலம் இல்லம் தேடி வந்தது. செய்தி மின்னல் வேகத்தில் சென்றது; காகிதம் மட்டும் மிதிவண்டியில் வந்தது. கூரியர் வந்து சேர நாள் பிடிக்குமாதலால், நாளையே புறப்பட வேண்டியவருக்கு அவ்வழி பயன்படவில்லை. காகிதச் சீட்டு என்னும் வடிவத்தையே தேவை என்று எண்ணியதன் விளைவு இது.

2005ஆம் ஆண்டில் மின்சீட்டு வந்தது. பயணி தம் வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம் என்று ஆயிற்று. பின்னர் அச்சிடுவதும் வேண்டா, கைப்பேசியில் வந்த செய்தியே போதும் என்ற நிலை ஏற்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய அட்டைச் சீட்டு தன் சிறு உடலில் மூன்று தேவைகளைச் சுமந்து நின்றது. கட்டணம் செலுத்தியதற்கு அது சான்று. இன்ன இடம் என்பதற்கு அது குறிப்பு. கையில் வைத்திருப்பவரே உரியவர் என்பதற்கு ஓரளவு அடையாளம். காகிதத்தை நீக்கியபோது முதல் இரண்டையும் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. மூன்றாவது அந்தரத்தில் நின்றது. ஆகவே அடையாள அட்டை கொண்டு வர வேண்டும் என்னும் விதி மின்சீட்டுடன் சேர்ந்தே வந்தது. ஒரு பழைய வடிவத்தைக் களையும்போது, அது சொல்லாமலே செய்துவந்த தொண்டுகள் யாவை என்று எண்ணிப் பார்த்த பின்னரே களைய வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அவ்வாறு எண்ண வேண்டிய மற்றொன்று, பெட்டியின் கதவருகே ஒட்டப்படும் பயணிகள் பட்டியல். 2018 மார்ச் முதல் முதன்மையான நிலையங்களில் அதனைச் சோதனையாக நிறுத்தினர். காகிதச் செலவு மிச்சம் என்பது உண்மையே. ஆயினும் கைப்பேசி இல்லாத ஒரு முதியவர், தம் பெயரைத் தம் கண்ணால் கண்டு, "இதுதான் நம் பெட்டி" என்று நெஞ்சம் தெளிந்து ஏறுவதற்கு அத்தாள் உதவியது. வழியனுப்ப வந்த மகளுக்கும் அது ஆறுதலாக இருந்தது. பட்டியல் போகலாம், அந்தத் தெளிவைத் தருவதற்கு வேறொரு வழி அங்கே இருக்க வேண்டும்.

பாட்டியின் கீழ்ப்படுக்கை

நம் குடும்பங்கள் அடிக்கடி சந்திக்கும் ஓர் இடரை இனிக் காண்போம். எழுபது வயதுப் பாட்டியும் மகனும் மருமகளும் இரு குழந்தைகளும் ஒரே சீட்டில் ஊருக்குப் பதிவு செய்கிறார்கள். பாட்டிக்குக் கீழ்ப்படுக்கை நிச்சயம் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். நடுப்படுக்கையோ மேற்படுக்கையோ வந்து சேர்கிறது. "முதியோருக்கு ஒதுக்கீடு உண்டு என்றார்களே!" என்று வருந்துகிறார்கள்.

ஒதுக்கீடு உண்டு. 60 வயது நிறைந்த ஆடவருக்கும் 45 வயது நிறைந்த மகளிருக்கும் கீழ்ப்படுக்கைகள் தனியே வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவ்வொதுக்கீடு, அத்தகையோர் தனியாகவோ, அத்தகைய இருவர் மட்டும் ஒரே சீட்டிலோ பயணம் செய்தால்தான் பொருந்தும். உடன் ஓர் இளையவர் சேர்ந்தாலும், மூவராகப் பெருகினாலும், கணிப்பொறி அச்சீட்டை அவ்வொதுக்கீட்டில் கருதுவதில்லை. ஆதலின் பாட்டிக்குத் தனிச் சீட்டு எடுத்தால் கீழ்ப்படுக்கை கிடைக்கும் வாய்ப்பு மிகும். ஆனால் அவர் வேறு பெட்டியில் அமரவும் நேரலாம்.

குடும்பத்தின் தேவையோ இரட்டைத் தேவை. பாட்டி ஏணி ஏறாமல் படுக்க வேண்டும். இரவில் அழைத்தால் எழுந்து வர ஒருவர் அருகில் இருக்க வேண்டும். முதல் தேவை விதியில் ஏறிவிட்டது, இரண்டாவது ஏறவில்லை. "முதியோருக்குக் கீழ்ப்படுக்கை" என்று ஒரு வரி எழுதும்போது, அம்முதியவர் யாருடன் பயணம் செய்கிறார் என்று கேட்காமையின் விளைவை, அவர் வண்டியில் அனுபவிக்கிறார். முன்பின் அறியாத சகபயணி ஒருவர் இரக்கப்பட்டு இடம் மாற்றிக் கொடுப்பதனால்தான் இக்குறை பல நேரங்களில் மறைந்துபோகிறது. விதியின் குறையை மக்களின் நல்லியல்பு ஈடு செய்கிறது என்பது நமக்குப் பெருமை. விதி வகுத்தோருக்கு அது ஒரு குறிப்பு.

அவசரம் என்பதன் பொருள்

தத்கால் முறை 1997ஆம் ஆண்டில் தொடங்கியது. முன்கூட்டித் திட்டமிட இயலாது திடீரெனப் புறப்பட வேண்டியவருக்கு இடம் வேண்டும் என்பதே அதன் தோற்றுவாய். அதற்கு வகுத்த வடிவம் என்ன? வண்டி தன் தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முதல் நாள், குளிரூட்டிய வகுப்புக்கு 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் சாளரம் திறக்கும். விரைந்து பதிந்தவருக்கு இடம்.

ஊரில் தந்தையார் காலமானார் என்று நண்பகலில் செய்தி வருகிறது. மாலை வண்டிக்குரிய தத்கால் முந்திய நாளே திறந்துவிட்டது. அநேகமாக அதில் இடம் தீர்ந்திருக்கும். மறுநாள் வண்டிக்குரியதும் அன்று காலையிலேயே திறந்துவிட்டது. துயருற்றவர் கணிப்பொறி முன் அமரும் வேளையில், விரைந்து தட்டத் தெரிந்தவர்கள் இடம் பெற்று எழுந்துவிட்டார்கள். அவசரம் உடையவருக்கு என்று எண்ணிய ஏற்பாடு, விரைவு உடையவருக்கு என்று மாறி நிற்கிறது. இடைத்தரகர்கள் அந்த விரைவை விலைப்பொருளாக்கினர். அதனைத் தடுக்க 2025 ஜூலை முதல் இணையத் தத்கால் பதிவுக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி வந்தது. தரகரைத் தடுத்தல் நல்ல நோக்கமே. எனினும் அது வடிவத்தில் தோன்றிய ஓட்டையை அடைக்கும் வேலை. உண்மையான அவசரத்தை எவ்வாறு அறிந்து எவ்வாறு இடம் தருவது என்னும் முதற் கேள்வி இன்னும் விடை தேடி நிற்கிறது.

மாறும் விதிகளும் உண்டு. முன்பதிவு எத்தனை நாட்களுக்கு முன்னர் திறக்கும் என்னும் காலவரம்பு 2015 ஏப்ரலில் 60 நாளிலிருந்து 120 நாளாக உயர்ந்தது. 2024 நவம்பரில் மீண்டும் 60 நாளாகக் குறைந்தது. இத்தகைய எண்களைக் கட்டடத்தின் அத்திவாரத்தில் பதித்துவிடாமல், வேண்டும்போது மாற்றும் வகையில் தனியே வைத்தல் நல்ல வடிவமைப்பின் இலக்கணம். தேவை நெடுங்காலம் நிற்பது; விதி அடிக்கடி மாறுவது; வடிவம் இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

இத்தொழிலில் இருக்கும் நம் இளைஞர்களுக்குச் சிலவற்றைக் கூறலாம். எவரேனும் ஒரு பொருளைக் கேட்டால், எதற்காக என்று பணிவோடு வினவுக. விடை ஒரு துன்பத்தையோ ஒரு பயனையோ சுட்டும் வரையில் வினவுதலை நிறுத்தற்க. பணம் தருபவரை மட்டும் கேட்டு அமையாது, பயன்படுத்தப் போகிறவரையும், பயன்படுத்த இயலாது விடுபடப் போகிறவரையும் தேடிச் சென்று கேட்க. தேவையை முழுதும் எழுதி முடித்த பின்னரே வடிவத்தைத் தொடுவேன் என்று இருத்தல் வேண்டா. ஒரு சிறு மாதிரியை வரைந்து காட்டினால், "நான் கேட்டது இதுதான், ஆனால் எனக்கு வேண்டியது இது இல்லையே" என்று மக்கள் தாமே கூறுவர். அச்சொல்லைப் பத்துப் பக்க அறிக்கையினும் பெரிதாக மதித்து எழுதி வைத்துக்கொள்க.

வரிசையில் கடைசியாக நிற்பவரின் குரல் கூட்ட அறைக்கு எட்டுவதில்லை. அதனைக் கொண்டு சேர்க்க அவ்வறையில் ஊதியம் பெற்று அமர்ந்திருப்பவர் இவர் ஒருவரே. இத்தொழிலின் பெருமை அதில்தான் உள்ளது.

நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். வடநகரங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பலவற்றில், "சொந்த மண்டபம் வேண்டும்" என்னும் தீர்மானம் ஆண்டுதோறும் நிறைவேறுகிறது. மண்டபம் எதற்காக என்று கேட்டால், பிள்ளைகள் தமிழ் கற்க இடம் வேண்டும் என்பர் சிலர். முதியோர் மாலையில் கூடிப் பேச இடம் வேண்டும் என்பர் சிலர். திருமணத்துக்கு வாடகை குறைந்த இடம் வேண்டும் என்பர் வேறு சிலர். முதலாவதற்கு, ஞாயிறு காலையில் ஓர் உறுப்பினர் இல்லத்துக் கூடமே போதும். அடுத்த வாரமே தொடங்கலாம். மண்டபம் எழும் வரையில் காத்திருந்தால், இன்று ஆறு வயதுக் குழந்தை எழுத்தறியாமலே பதினாறு வயதை எட்டிவிடும். அடுத்த பொதுக்குழுவில் மண்டபத் தீர்மானம் வாசிக்கப்படும்போது, உறுப்பினர் ஒருவரேனும் எழுந்து, இம்மூன்று தேவைகளுள் எதற்கு முதலிடம் என்று கேட்பாராக.